ஸ்கேன் அறைக்குள் போகும் முன்: கொங்குப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வழிகாட்டி

ஈரோட்டிலோ கோவையிலோ எந்த ஸ்கேன் சென்டரில் போய் உட்கார்ந்தாலும் அதிகம் காதில் விழும் கேள்வி இதுதான்: "ஏனுங்க, இதுல ரேடியேசன் வருமாமா? உடம்புக்கு ஒண்ணும் ஆகாதுங்களா?" எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. எடுக்கும் டெக்னீசியனாகச் சொல்கிறேன், நல்ல கேள்விதான், தயங்காமல் கேளுங்கள். ஆனால் இதைக் கேட்கும் அதே பெரியவர், வாலிப வயதில் லேத்துப் பட்டறையில் நின்றதையும், அப்போது கண்ணில் இரும்புப் பிசிறு தெறித்ததையும், இப்போது கிட்னி டாக்டரிடம் போய்க்கொண்டிருப்பதையும் வாய் திறந்து சொல்ல மாட்டார். எங்களுக்கு வயிற்றைக் கலக்குவது இப்படிச் சொல்லாமல் விட்ட விஷயங்கள்தான். அதனால் இங்கே கதிருக்கு ஒரு பங்கு, நீங்கள் எங்களிடம் சொல்ல வேண்டியவற்றுக்கு அதைவிடப் பெரிய பங்கு.

முதலில்: டாக்டர் சீட்டு எழுதும்போதே

"டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னாருங்க" என்று வந்து நிற்பார்கள். சீட்டைப் பிரித்துப் பார்த்தால்தான் எந்த மெஷின், உடம்பில் எந்த இடம் என்று தெரியும். அதை டாக்டரின் அறையிலேயே தெரிந்துகொண்டு வெளியே வாருங்கள். வயிற்றுக்கு அல்ட்ராசவுண்டா, சி.டி.யா? ஊசி மருந்து போட்டு எடுப்பதா, போடாமலா? இதில் என்ன தெரிந்தால் வைத்தியம் மாறும்? கடைசிக் கேள்வியைக் கேட்கத்தான் நம் ஆட்களுக்குக் கூச்சம். மரியாதையாகவே கேட்கலாம்: "இதப் பாத்துட்டு என்னங்க முடிவு பண்ணுவீங்க?" நல்ல டாக்டர் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

உண்மையைச் சொன்னால், தேவையில்லாத ஸ்கேன்களில் கணிசமானவை நோயாளி கேட்டு வாங்கியவை. பைக்கில் தாராபுரம் ரோட்டில் போய்வந்து இடுப்புப் பிடித்துக்கொண்டால், மறுநாளே "ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துரலாங்களா?" என்பார்கள். சாதாரண இடுப்பு வலி பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். முதல் ஆறு வாரத்துக்கு ஸ்கேன் பொதுவாகத் தேவைப்படாது. கால் மரத்துப் பலம் குறைவது, சிறுநீர் அல்லது மலம் கட்டுப்படாமல் போவது, காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, பலமாக அடிபட்டது, முன்பு புற்றுநோய் இருந்தது, இவற்றில் ஒன்று இருந்தால் கதை வேறு. அப்போது ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது.

பழைய பிலிம், பழைய ரிப்போர்ட், படம் பதிந்த குறுந்தட்டு இருந்தால் அத்தனையையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு டாக்டரிடம் கொண்டு போங்கள். கோபியில் எடுத்த சி.டி. ஸ்கேனைக் காட்டாமல், கோவைக்கு வந்து அதே வயிற்றுக்கு அடுத்த வாரமே இன்னொன்று எடுப்பவர்கள் உண்டு. காசும் இரட்டிப்பு, கதிரும் இரட்டிப்பு. சில ஊர்களில் சீட்டோடு சென்டர் பெயரும் சேர்ந்தே வரும்; அங்கேதான் எடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் கிடையாது. கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் சி.டி., எம்.ஆர்.ஐ. இரண்டும் இருக்கின்றன. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், தங்களுக்கு எழுதிய பரிசோதனை அதில் வருமா என்று காப்பீட்டு கவுண்டரில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

எதில் கதிர் உண்டு, எவ்வளவு?

அல்ட்ராசவுண்டில் கதிர்வீச்சு இல்லை, அது ஒலி அலை. எம்.ஆர்.ஐ.யிலும் இல்லை, அது காந்தமும் ரேடியோ அலையும். எக்ஸ்ரே, சி.டி., மார்பகத்துக்கு எடுக்கும் மேமோகிராம், பல் டாக்டர் எடுக்கும் படம், ஆஞ்சியோ, இவற்றில் எக்ஸ்ரே கதிர் உண்டு. பெட் ஸ்கேன், எலும்பு ஸ்கேன் வகைகளில் கதிர் வீசும் மருந்தை உடம்புக்குள்ளேயே செலுத்துகிறார்கள்.

கதிரை மில்லிசீவர்ட் என்ற அலகில் சொல்வது வழக்கம். மண், காற்று, ஆகாயம், சாப்பாடு என எல்லாவற்றிலிருந்தும் மனிதனுக்கு இயற்கையாகவே கதிர் வந்துகொண்டிருக்கிறது. உலகச் சராசரி வருடத்துக்கு 2.4 மில்லிசீவர்ட். இதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றுக்கு அதிகம் போனால் 0.1, அதாவது இரண்டு வாரம் சும்மா உட்கார்ந்திருந்தாலே கிடைப்பது. இடுப்புப் பக்க முதுகெலும்பு எக்ஸ்ரே சுமார் 1.5. மேமோகிராம் சுமார் 0.4. தலை சி.டி. சுமார் 2. நெஞ்சு சி.டி. 6, 7 அளவில். வயிறும் அடிவயிறும் சேர்த்து எடுக்கும் சி.டி. 8 முதல் 10, இதுதான் மூன்று நான்கு வருட இயற்கைக் கதிருக்குச் சமம். பெட்-சி.டி. 20, 25 வரை போகும். ஆளின் பருமன், மெஷின், எடுக்கும் முறை எல்லாவற்றையும் பொறுத்து இவை கூடும், குறையும். ஒரு நெஞ்சு எக்ஸ்ரேக்கு நான்கு நாள் தூக்கம் கெட்டுப்போய், வயிற்று சி.டி.யை மூன்று முறை மாற்றி மாற்றி எடுத்ததைப் பற்றி நினைக்காமல் இருப்பவர்களுக்காகத்தான் இந்தக் கணக்கு.

சரி, 10 மில்லிசீவர்ட் என்றால் என்ன ஆபத்து? அந்த அளவு பெற்ற ஒருவருக்கு, பிற்காலத்தில் அதனால் உயிரைப் பறிக்கும் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 2,000இல் 1 என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மதிப்பிட்டிருக்கிறது. இது யாரும் ஆளை எண்ணிப் பார்த்துச் சொன்னதில்லை. ஜப்பானில் அணுகுண்டில் தப்பியவர்களிடம், பெரிய அளவுகளில் தெரிந்த பாதிப்பைச் சிறிய அளவுக்கும் அதே விகிதத்தில் இறக்கிப் போட்ட கணக்கு இந்த வகை மதிப்பீடுகளுக்கெல்லாம் அடிப்படை. ஸ்கேனே எடுக்காவிட்டாலும், இந்தியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் மதிப்பீட்டில் ஏறக்குறைய 9 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஏதாவது ஒரு புற்றுநோய் வருகிறது. கேரளத்துக் கருநாகப்பள்ளிக் கடலோரத்தில் கதிர் வீசும் மோனசைட் மணலால் இயற்கைக் கதிரே பல மடங்கு அதிகம். அங்கே பல்லாயிரம் பேரை வருடக்கணக்கில் கவனித்த ஆய்வில் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. ஆக, ஆபத்து சிறியது. சிறியது என்பதற்காகச் சும்மா எடுக்கவும் வேண்டாம். குடல்வால் வெடித்திருக்குமோ என்று டாக்டர் சந்தேகப்படும்போது 2,000இல் ஒன்றை எண்ணிக்கொண்டு வீட்டில் படுத்திருக்கவும் வேண்டாம்.

"போன மாசந்தானுங்க ஒண்ணு எடுத்தேன், மறுக்கா எடுக்கலாமா?" என்றும் கேட்பார்கள். மெஷினில் வேலை செய்யும் எங்களுக்குச் சட்டப்படி வரம்பு உண்டு: ஐந்து வருடச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு வருடத்திலும் 30ஐத் தாண்டக் கூடாது. அதை அளக்கத்தான் நெஞ்சில் ஒரு சின்ன பேட்ஜ் குத்தியிருக்கிறோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்பிப் படித்து வருவார்கள். நோயாளிக்கு அப்படி ஒரு வரம்பு வைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் தேவை இருக்கிறதா என்பதே கேள்வி. போன மாதம் எடுத்தது இந்த மாதத் தேவையைத் தடுக்காது. ஆனால் போன மாதப் படத்திலேயே பதில் இருக்கலாம், அதனால் அதைக் கொண்டுவந்து காட்டுங்கள்.

இன்னொரு பயம், "கரண்டு வெக்கறாங்களே, அதுங்களா இது?" புற்றுநோய்க்குக் கரண்டு வைப்பதில், அதாவது கதிர்வீச்சு சிகிச்சையில், அந்த இடத்துக்கு மொத்தமாக 40, 50 கிரே (உடம்பு வாங்கும் கதிரை அளக்கும் அலகு) கொடுக்கிறார்கள். வயிற்று சி.டி.யில் உறுப்புகளுக்குப் போவது 10, 20 மில்லிகிரே. ஆயிரம் மில்லிகிரே சேர்ந்தால்தான் ஒரு கிரே. முடி கொட்டுமா, தோல் கறுக்குமா என்று சாதாரண சி.டி.க்குப் பயப்பட வேண்டியதில்லை. எக்ஸ்ரே, சி.டி. மெஷின் நின்ற நொடியில் கதிரும் நின்றது. உடம்பில் எதுவும் தங்காது, வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கலாம், ஆட்டுக்குட்டியையும் தூக்கலாம்.

கொஞ்சம் விவரம் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்களுக்கு: சி.டி. முடிந்ததும் திரையில் டி.எல்.பி. என்று, அந்த ஸ்கேனில் கொடுத்த மொத்தக் கதிரைக் காட்டும் ஒரு எண் வரும். அதை ரிப்போர்ட்டின் பின்னால் எழுதித் தரச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கு வயிற்று சி.டி. என்றால் அந்த எண்ணை 0.015ஆல் பெருக்கினால் தோராயமாக மில்லிசீவர்ட் கிடைக்கும். 600 இருந்தால் 9. தலைக்கு 0.0021ஆல் பெருக்க வேண்டும். 1,000 இருந்தால் 2.1. முதல்முறை கேட்கும்போது எங்கள் ஆட்களே கொஞ்சம் முழிப்பார்கள், பரவாயில்லை.

மாஸ்டர் ஹெல்த் செக்கப் என்ற பெயரில் நோய்க்குறி எதுவும் இல்லாதவருக்கு உடம்பு முழுக்க சி.டி. எடுப்பதை நான் என் வீட்டாருக்குச் செய்ய மாட்டேன்.

வீட்டிலிருந்து கிளம்பும் முன்

சத்தியமங்கலத்திலிருந்தோ அந்தியூரிலிருந்தோ முதல் பஸ்ஸைப் பிடித்து வெறும் வயிற்றில் வருகிறவர்களில், சுகர் மாத்திரையையோ இன்சுலினையோ மட்டும் மறக்காமல் போட்டுக்கொண்டு வந்து, வரிசையில் மயங்கி விழுபவர்கள் உண்டு. சாப்பிடாமல் வரச் சொன்னால், சுகர் மருந்தை என்ன செய்வது என்பதையும் அப்போதே கேளுங்கள். காலை முதல் ஆளாக நேரம் கொடுக்கச் சொல்லுங்கள். பிரஷர் மாத்திரையைப் பொதுவாக ஒரு வாய்த் தண்ணீரோடு போட்டுக்கொள்ளலாம். வயிற்று அல்ட்ராசவுண்டுக்கு வெறும் வயிறு, அடிவயிற்றுக்கு நிறைந்த சிறுநீர்ப்பை. எக்ஸ்ரேக்கும், மருந்து போடாத தலை சி.டி.க்கும் பட்டினி கிடக்க வேண்டியதே இல்லை.

ஊசி மருந்து போட்டு எடுக்கும் சி.டி. என்றால் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை கேட்பார்கள். "எதுக்குங்க அது வேற செலவு" என்று சலித்துக்கொள்ளாதீர்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் அந்த அயோடின் மருந்தைத் தைரியமாகச் செலுத்த முடியும். மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள் அதைச் சொல்ல வேண்டும். கிட்னி நன்றாக இருந்தால் அதை நிறுத்தத் தேவையில்லை என்பது இப்போதைய வழிகாட்டுதல். கிரியாட்டினினை வைத்துக் கணக்கிடும் இ.ஜி.எஃப்.ஆர். (கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்ற எண்) 30க்குக் கீழே இருந்தால், ஊசியின்போது நிறுத்தி, 48 மணி நேரம் கழித்து மறுபடி கிட்னியைப் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். பல சென்டர்களில் எல்லாரையுமே நிறுத்தச் சொல்வார்கள். எதுவானாலும் உங்கள் டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள். சுயமாக நிறுத்திவிட்டுச் சுகரை ஏற்றிக்கொண்டு வராதீர்கள்.

நகையை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வருவது உத்தமம். தாலிக்கொடி விஷயத்தில்தான் எங்கள் வாசலில் தினம் ஒரு பஞ்சாயத்து நடக்கும். தங்கத்தைக் காந்தம் இழுக்காது. ஆனால் படத்தைக் கெடுக்கும், எம்.ஆர்.ஐ.யில் சூடாகலாம், கொடியில் கோத்திருக்கும் ஊக்கு நிச்சயம் இழுபடும். மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டால் மாமியாருக்கும் சம்மதம், எங்களுக்கும் சம்மதம்.

சென்டரில் போனதும் சுவரைப் பாருங்கள்

எக்ஸ்ரே, சி.டி. வைத்திருக்கும் இடம் மும்பையில் உள்ள அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். அல்ட்ராசவுண்டு வைத்திருக்கும் இடம், கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994ஆம் வருடத்துச் சட்டப்படி பதிவு செய்து, அந்தச் சான்றிதழைக் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்படாது என்ற தமிழ்ப் பலகையும் இருக்கும். பெண் சிசுக்களைக் கொல்லாமல் அரசிடம் விட்டுவிடச் சொல்லி, 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில் தொடங்க வேண்டி வந்த மண் இது. அதனால் "ஜாடையா சொல்லுங்களே" என்று டாக்டரைச் சங்கடப்படுத்தாதீர்கள். அவர் சொல்வது மட்டும் குற்றமில்லை, வீட்டார் கேட்பதும் தண்டனைக்குரிய குற்றம்தான்.

எக்ஸ்ரே அறைக்குள் துணைக்கு ஆள் வேண்டாம். குழந்தையையோ நடுங்கும் பெரியவரையோ பிடித்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டால் ஒருவர் மட்டும் போதும். அவர் கர்ப்பிணியாக இருக்கக் கூடாது, ஈய ஏப்ரன் போட்டிருக்க வேண்டும். தராவிட்டால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நோயாளிக்கே ஏப்ரன் போடாவிட்டால் சண்டைக்கு வர வேண்டாம். வயிற்றுப் பகுதியை ஈயத்தால் மூடுவதை வழக்கமாகச் செய்யத் தேவையில்லை என்று அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2019இலேயே சொல்லிவிட்டது. இன்றைய மெஷின் கதிரின் அளவைத் தானே கூட்டிக் குறைக்கும். குறுக்கே ஈயம் வந்தால் சில சமயம் கூட்டிவிடும், பார்க்க வேண்டிய இடத்தையும் மறைத்துவிடும்.

எம்.ஆர்.ஐ.: இங்கேதான் வாயைத் திறக்க வேண்டும்

கதிர் இல்லை என்றதும் எம்.ஆர்.ஐ. என்றால் ஒரு ஆபத்தும் இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். என் கணக்கில் கட்டிடத்திலேயே மிகவும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய அறை அதுதான். அந்தக் காந்தம் 1.5 டெஸ்லா அல்லது 3 டெஸ்லா. பூமியின் காந்தப்புலத்தோடு ஒப்பிட்டால் 1.5 டெஸ்லாவே முப்பதாயிரம் மடங்குக்கும் மேல். மெஷின் படம் எடுக்காத நேரத்திலும், ராத்திரி பூட்டிக் கிடக்கும்போதும், கரண்ட் போனாலும் காந்தம் காந்தமாகவே இருக்கும். 2018 ஜனவரியில் மும்பை மருத்துவமனை ஒன்றில் நோயாளியின் உறவினர் ஆக்சிஜன் சிலிண்டரோடு அறைக்குள் போனார். சிலிண்டரோடு சேர்த்து அவரையும் காந்தம் இழுத்துக்கொண்டது, அவர் இறந்துபோனார். கவனியுங்கள், அவர் நோயாளி இல்லை, துணைக்கு வந்தவர்.

நம் ஊரில் ஒருவருக்கு ஸ்கேன் என்றால் அப்புச்சி, அம்மாயி, மச்சான், பங்காளி என்று வண்டி நிறைய வருவார்கள். பாசம் நல்லதுதான், ஆனால் அறை வாசலுக்கு வரும் ஒவ்வொருவருக்கும் அதே சோதனைதான். வேட்டிக்கு மேல் கட்டும் பச்சை பெல்ட், அதில் உள்ள சில்லறை, வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பா, பாக்குவெட்டி, சாவிக்கொத்து, செல்போன், ஏ.டி.எம். கார்டு, காது மெஷின், கழற்றும் பல்செட், அரைஞாண் கொடி, தாயத்து, காப்பு, மெட்டி, கொண்டை ஊசி, ஜாக்கெட்டில் குத்திய ஊக்கு, எல்லாவற்றையும் வெளியே வைத்துவிடுங்கள். ஊக்கு ஒன்று இருக்கிறது என்பதே பல அம்மாக்களுக்கு ஞாபகம் இருக்காது, தடவிப் பாருங்கள். சரிகைப் புடவை சூடாகும், அவர்கள் தரும் கவுனைப் போட்டுக்கொள்ளுங்கள். வலிக்காகத் தோலில் ஒட்டும் மருந்துப் பட்டைகளில் சிலவற்றில் உலோகப் படலம் உண்டு, அதையும் காட்டுங்கள்.

இனி உடம்புக்குள் இருப்பவை. கோவை பவுண்டரி, லேத்து, கிரைண்டிங் பட்டறை, நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் இடம், திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டி, எங்கேயாவது இரும்பை அறுத்தோ ராவியோ வெல்டிங் வைத்தோ வேலை செய்தவரா? கண்ணில் பிசிறு தெறித்ததுண்டா? "அதெல்லாம் அப்பவே எடுத்தாச்சுங்க" என்றாலும் சொல்லுங்கள். கடுகில் பாதி அளவு இரும்பு கண்ணுக்குள் தங்கியிருந்தால்கூட, காந்தத்தில் அது நகர்ந்து பார்வையையே பறித்துவிடலாம். சந்தேகம் இருந்தால் முதலில் கண்ணுக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்போம். அந்தத் துளிக் கதிர் முழுக்க முழுக்க நியாயமான கதிர். கொங்கு நாட்டில் இந்தக் கேள்விக்கு இருக்கும் முக்கியத்துவம், தொழில் வேறாக இருக்கும் ஊர்களில் இருக்குமா என்பது சந்தேகம்.

இதயத்துக்கு பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அதன் அட்டையோடு வர வேண்டும். புதிய வகைகள் பலவற்றில் நிபந்தனையோடு எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், அதற்கு முன்னும் பின்னும் இதய டாக்டர் தரப்பில் அதைச் சரிபார்த்து மாற்றி வைக்க வேண்டும், முன்கூட்டியே ஏற்பாடு தேவை. மூளை ரத்தக்குழாயில் கிளிப் போட்டவர்கள், என்ன கிளிப் என்று தெரியாமல் உள்ளே போகவே கூடாது. அரசுக் காப்பீட்டில், காது கேட்க வைக்கும் காக்ளியர் கருவி பொருத்திய குழந்தைகள் நம் பக்கம் நிறைய இருக்கிறார்கள். அதற்குள்ளேயே ஒரு காந்தம் உண்டு. எந்த மாடல் என்று பார்க்காமல் எடுக்க மாட்டோம். ஸ்டென்ட், காப்பர் டி, மூட்டு மாற்று, டைட்டானியம் பிளேட் இவை பெரும்பாலும் பிரச்சினை இல்லை, ஆனால் முடிவு செய்வது நாங்கள். உங்கள் வேலை சொல்வது. ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள் என்று இதனால்தான் தலையால் அடித்துக்கொள்கிறோம்.

உள்ளே படுத்ததும் இருபது நிமிடம் முதல் முக்கால் மணி நேரம் வரை ஆகலாம். சத்தம் பலமாக இருக்கும். சோமனூர், பல்லடம் விசைத்தறி ஆட்களுக்கு இது தறி ஓடும் ஷெட்டில் படுத்த மாதிரிதான், மற்றவர்களுக்குத்தான் திடுக்கென்றிருக்கும். காதுக்குப் பஞ்சோ ஹெட்போனோ கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். கையைக் கோத்துக்கொண்டோ, காலைப் பின்னிக்கொண்டோ படுக்க வேண்டாம். தோலும் தோலும் ஒட்டிச் சுற்று உண்டானால் அந்த இடம் சூடாகிச் சுட்டுவிடும். எங்காவது சுடுகிற மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள்ளாதீர்கள், கையில் கொடுத்த ரப்பர் பந்தை அழுத்துங்கள். அடைந்த இடம் என்றால் மூச்சுமுட்டும் ஆட்கள் முதலிலேயே சொல்லிவிடலாம். உள்ளே போகும் முன்பே கண்ணை மூடிக்கொண்டால் பாதிப் பேருக்குச் சமாளித்துவிடும்.

ஊசி மருந்து

சி.டி.க்குப் போடும் அயோடின் மருந்து உள்ளே போகும்போது உடம்பெல்லாம் ஒரு சூடு பரவும், வாயில் உலோகச் சுவை வரும், சிறுநீர் போய்விட்ட மாதிரியே தோன்றும். போயிருக்காது, பயப்பட வேண்டாம். அரிப்பு, தடிப்பு, தும்மல், தொண்டை இறுகுவது, மூச்சு வாங்குவது வந்தால் உடனே சொல்ல வேண்டும். கடுமையான ஒவ்வாமை பத்தாயிரம் பேரில் சிலருக்கு வரக்கூடியது, பெரும்பாலும் முதல் சில நிமிடங்களிலேயே வந்துவிடும். ஊசி முடிந்து அரை மணி நேரம் உட்காரச் சொன்னால் "பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க" என்று கிளம்பிவிடாதீர்கள்.

முன்பு இதே மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதா என்பதே நாங்கள் கேட்பதில் முக்கியமானது. ஆஸ்துமா, மற்ற கடும் அலர்ஜிகளையும் சொல்லுங்கள். மீன், இறால் ஒத்துக்கொள்ளாது என்பதற்காக இந்த மருந்தே ஆகாது என்பது பழைய நம்பிக்கை. இரண்டுக்கும் தனிப்பட்ட தொடர்பு இல்லை. தைராய்டு சிகிச்சையில் இருப்பவர்களும் தெரிவிக்க வேண்டும். எம்.ஆர்.ஐ.க்குப் போடுவது கடோலினியம் என்ற வேறு மருந்து. கிட்னி மிகவும் பழுதானவர்களுக்கு, டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு அதில் சில வகைகள் ஆகாது. பால் கொடுக்கும் தாய்மார்கள் இரண்டு மருந்துக்குப் பிறகும் பாலை நிறுத்த வேண்டியதில்லை. பாலில் கலப்பது மிக மிகக் கொஞ்சம்.

கர்ப்பிணிகளும் குழந்தைகளும்

நாள் தள்ளிப் போயிருந்தால், சந்தேகம் இருந்தால், எக்ஸ்ரேக்கு முன்பே சொல்லிவிடுங்கள். எல்லார் முன்னாலும் சொல்லக் கூச்சமாக இருந்தால் அங்கிருக்கும் பெண் ஊழியரிடம் தனியாகச் சொல்லலாம். அதற்காக, மாசமாக இருப்பது தெரியாமல் எக்ஸ்ரே எடுத்துவிட்டோமே என்று கருவைக் கலைக்க ஓடாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அப்படி முடிவெடுத்துக்கொண்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கருவுக்கு 100 மில்லிகிரேக்குக் கீழே போன கதிரைக் கருக்கலைப்புக்குக் காரணமாகக் கொள்ளக் கூடாது என்பது சர்வதேசக் கதிர்ப் பாதுகாப்பு ஆணையத்தின் நிலை. நெஞ்சு, கை, கால், பல் எக்ஸ்ரேயில் கருவுக்குப் போவது ஒரு மில்லிகிரேயின் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. நேராக அடிவயிற்றுக்கே சி.டி. எடுத்தாலும் வழக்கமாக 10 முதல் 25தான். என்றைக்கு எடுத்தது, எந்த இடத்துக்கு எடுத்தது என்று எழுதிக்கொண்டு போய் மகப்பேறு டாக்டரிடம் பேசுங்கள்.

அல்ட்ராசவுண்டை "அடிக்கடி எடுத்தா கொழந்தைக்கு ஆகாதாம்" என்று அத்தையோ சித்தியோ சொல்வதைக் கேட்டு, 11 முதல் 14 வாரத்துக்குள் கருவின் கழுத்துப் பின்புறத்தை அளக்க எடுக்கும் என்.டி. ஸ்கேனையும் 18 முதல் 20 வாரத்தில் உறுப்புக் குறைகளைப் பார்க்க எடுக்கும் அனாமலி ஸ்கேனையும் தவறவிடாதீர்கள். அந்த வாரங்கள் போனால் திரும்ப வராது. கர்ப்பத்தில் அவசியமென்றால் எம்.ஆர்.ஐ.யும் எடுக்கலாம், கடோலினியத்தை மட்டும் தவிர்ப்பார்கள்.

குழந்தைகளுக்குக் கதிர் கூடுதலாகப் பாதிக்கும். அவர்கள் வாழப்போகும் காலமும் நீளம். தொட்டிலிலிருந்து விழுந்த குழந்தைக்கு உடனே தலை சி.டி. எடுத்தே ஆக வேண்டும் என்று பெற்றோர் பிடிவாதம் பிடிப்பார்கள். மயக்கம், தொடர்ந்த வாந்தி, வலிப்பு, நடவடிக்கையில் மாற்றம் எதுவும் இல்லாமல், டாக்டர் சில மணி நேரம் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்றால், அது அலட்சியம் இல்லை. எடுத்தே ஆக வேண்டும் என்றால், "குழந்தைக்கான அளவில் வைத்துத்தானே எடுக்கிறீங்க?" என்ற ஒரு கேள்வி போதும்.

முடிந்த பிறகு

எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ.க்குப் பிறகு தனிப் பத்தியம் எதுவும் கிடையாது. ஊசி போட்டிருந்தால் தண்ணீர் நன்றாகக் குடியுங்கள், அவ்வளவுதான். பெட் ஸ்கேனுக்கு மட்டும் கொஞ்சம் கட்டுப்பாடு. அதில் போடும் மருந்தின் கதிர் 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகும். அன்றைக்கு மட்டும் கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் விட்டுத் தள்ளி இருங்கள், நிறையத் தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழியுங்கள். பஸ்ஸில் ஊர் திரும்பலாம், பேறுகாலப் பெண்ணின் பக்கத்து சீட்டில் மட்டும் உட்கார வேண்டாம்.

பிலிமோடு நிற்காமல், கம்ப்யூட்டரில் முழுப் படத்தையும் பார்க்க உதவும் டைகாம் வடிவத்தில் குறுந்தட்டோ பென்டிரைவோ கேட்டு வாங்குங்கள். அடுத்த ஊர் டாக்டருக்கு அதுதான் உபயோகம். பிலிமைப் பரணில் வெயில் படப் போட்டாலோ மடித்து வைத்தாலோ வீணாகிவிடும். ரிப்போர்ட்டில் "கல்லீரலில் சிறு நீர்க்கட்டி", "தைராய்டில் சிறு முடிச்சு" என்று ஏதாவது ஒரு வரி இருக்கும். வயதானவர்களுக்கு இப்படிப்பட்டவை தற்செயலாகத் தென்படுவது சகஜம். அதை வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர் எல்லாருக்கும் அனுப்புவதற்கு முன், சீட்டு எழுதின டாக்டரிடம் கொடுத்து, இதற்கு மறுபடி ஸ்கேன் வேண்டுமா, வேண்டுமென்றால் எத்தனை மாதம் கழித்து, அதை அல்ட்ராசவுண்டிலேயே பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.